கைப்பக்குவமும் அளவுகோலும்

(செஞ்சியில், மனையியல், தொழிற்கல்வி ஆசிரியர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம் பேசுவார்கள், கல்வெட்டு பேசுவார்கள், பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைப் பேசுவார்கள். மனையியலுக்கும் தொழிற்கல்விக்கும் பாடம் எப்படி எழுதுவது என்று பேசச் சொல்லி அழைப்பது அபூர்வம். அழைப்பிதழைப் பார்த்த உறவினர் ஒருவர், "சமையல், தையலைப் பத்திப் பேச மைக் வேற வேணுமா?" என்று கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. ஊரில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபின் பள்ளி அலுவலக வாசலில் நடப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நிறைய மதிப்பெண் வாங்கியவருக்கு ஃபர்ஸ்ட் குரூப். அதற்கடுத்து பயாலஜி, காமர்ஸ் என்று வரிசை இறங்கும். கடைசியாக நிற்கிற பையனிடம், "மார்க் கம்மியா இருக்குப்பா, ஒக்கேஷனல் எடுத்துக்கோ" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் பையனைப் பற்றியும் ஒரு தீர்ப்பு இருக்கிறது, பாடத்தைப் பற்றியும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. முதல் தீர்ப்பு அநியாயமானது. இரண்டாவதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்று சொன்னாலே பலருக்குப் புருவம் உயரும். அதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டில் கைத்தொழிலை மையமாக வைத்த ஆதாரக் கல்வி பேசப்பட்டது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் எழுதியது. நூற்பதில் கணக்கும் இருக்கிறது, இயற்பியலும் இருக்கிறது, சமூகமும் இருக்கிறது என்பது அந்தச் சிந்தனை. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் வேறு வகை. தொடக்கப் பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை அப்பா செய்யும் தொழிலைப் பார்த்துக் கற்கட்டும் என்றது. மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

சாதி நோக்கில் அந்தத் திட்டத்தை நிறையப் பேர் விமர்சித்திருக்கிறார்கள். பாடம் எழுதுகிறவனாகவும் அதைப் பார்க்கலாம். மீதி நேரத்தில் பிள்ளைக்கு ஆசிரியர் யார்? அப்பா. பாடத்திட்டம்? அப்பா அன்றைக்கு என்ன வேலை செய்கிறாரோ அது. கற்றுக்கொண்டானா என்று சோதிப்பது எப்படி? வழியே இல்லை. சட்டி வனைகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு மண் தெரியும், துணி வெளுக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குச் சவுக்காரம் தெரியும். மாறிப் போய்க் கற்க வாசல் கிடையாது. தரம் என்று எழுதி வைத்த ஒன்று இல்லாத இடத்தில் தொழில் ரத்த உறவின் வழியேதான் போகும். யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் ஒரு தொழிலைக் கற்க வேண்டுமென்றால், அந்தத் தொழிலில் எது சரி, எது குறை, எது கழிவு என்பது எல்லாரும் படிக்கும்படி வெளியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்; மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். நம் கோயில்களில் பலவற்றின் சுவரிலும் அதிட்டானத்திலும் நிலம் அளந்த கோலின் நீளத்தைக் கோடாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். பதினாறு சாண் கோல் என்று கல்வெட்டு சொன்னால், எவருடைய சாண் என்ற தகராறு வரும். கோட்டைக் காட்டிவிட்டால் தகராறு தீர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்ற மரக்காலைச் சொல்லும்போது, அது ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். நெய் அளக்கிறவரும் நெல் அளக்கிறவரும் தன் வீட்டுப் படியைக் கொண்டுவந்து அளக்க முடியாது. இங்கிருந்து அதிக தூரமில்லாத மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் தன் குடைவரையில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கட்டியதாகப் பொறித்து வைத்தான். அதைப் படிக்கும்போதெல்லாம், பொருள் வாங்குகிறவர் டெண்டரில் போடுகிற நிபந்தனை மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றும்.

மனையியலுக்கு வருகிறேன். இந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த முதல் பெண் அவர், வேதியியலாளர். 1887-இல் அந்த மாநிலத்தின் ஆறு, ஏரித் தண்ணீரையெல்லாம் எடுத்துச் சோதித்த பெரிய ஆய்வைச் செய்தவர். 1899-இல் லேக் பிளாசிடில் அவர் கூட்டிய மாநாடுதான் மனையியலை ஒரு துறையாக்கியது. அடுப்படிக்குள் ஆய்வுக்கூடத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் எண்ணம். இடையில் ஆய்வுக்கூடம் கழன்று போய் அடுப்படி மட்டும் மிஞ்சியது நம் காலத்துச் சோகம்.

நம் பக்கத்தில் இந்தத் துறைக்குப் பெரிய பெயர் ராஜம்மாள் தேவதாஸ். 1919-இல் செங்கத்தில் பிறந்தவர். செங்கம் என்றால் திருவண்ணாமலைக்கு அந்தப் பக்கம். உங்களில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் வரை போய் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பி, கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் செட்டியார் 1957-இல் தொடங்கிய மனையியல் கல்லூரியை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தவர். 1992-இல் பத்மஸ்ரீ. ஊட்டச்சத்து ஆய்வாளராக உலகம் அறிந்த ஒருவர் நம் மண்ணிலிருந்து போயிருக்க, அந்தப் பாடத்தை நாம் 'சும்மா சமையல்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பெயர் மால்கம் ஆதிசேஷையா. வேலூரில் பிறந்தவர், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மேல்நிலைக் கல்வியையும் அதில் தொழிற்கல்வியின் இடத்தையும் ஆராய அமைத்த தேசியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். செய்வதற்குக் கற்பது என்ற பொருள்பட்ட தலைப்பில் 1978-இல் அறிக்கை வந்தது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி, அதோடு தொழிற்பிரிவு, தொடங்கியதும் அதே 1978-இல்தான். அலுவலக மேலாண்மை, வேளாண்மை, செவிலியம், நெசவும் ஆடை வடிவமைப்பும், உணவு மேலாண்மை, மின்பொறியியல் என்று அன்று போட்ட பாதையில்தான் இன்றும் போய்க்கொண்டிருக்கிறோம்.

2013 டிசம்பரில் மத்திய அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்யத் தெரிய வேண்டும், என்ன அறிவு வேண்டும், எவ்வளவு பொறுப்பு ஏற்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். துறைக் குழுக்கள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத் தகுதித் தாள் போட்டிருக்கின்றன. நல்ல முயற்சிதான். எனக்கு அதில் இரண்டு குறை. ஒன்று, அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு நாளைக் காலை வகுப்புக்குள் போக முடியாது. 'சுகாதார நடைமுறைகளைப் பின்பற்றுதல்' என்று இருந்தால், கையை எப்போது கழுவ வேண்டும், எவ்வளவு நேரம், கழுவவில்லை என்பதை ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது குறை பெரியது. அவை ஒரு வேலைக்கு ஆள் தயாரிக்க எழுதப்பட்டவை. பள்ளியின் வேலை அதைவிட விரிந்தது. தையல் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு நூல் ஏன் அறுகிறது என்றும் தெரிய வேண்டும், பீஸ் ரேட் எப்படிக் கணக்கிடுகிறார்கள், பி.எஃப். எவ்வளவு பிடிக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும்.

போதும், பொதுவாகப் பேசியது. ஒரு பாடத்தை எடுத்து வைத்துப் பார்ப்போம். இந்த ஊருக்குத் தகுந்த பாடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையும் மல்லாட்டை மூட்டையும் வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பக்கத்துத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விவசாயிகள் சொல்லும் ரகங்களில் முதல் எழுத்துகள் அந்த ஊரைக் குறிப்பவை. அதனால் பதினொன்றாம் வகுப்பு மனையியலில் கடலை மிட்டாய் செய்வது என்ற ஒரு செய்முறை வைக்கலாம். 'இதிலென்ன பாடம்? என் ஆயா கண்ணை மூடிக்கொண்டு செய்யும்' என்று ஒரு பிள்ளை சொல்லும். சொல்லட்டும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் கொட்டை. உரித்த பருப்பைக் கையில் எடுத்துக் குலுக்கி, பல்லில் கடித்து, காய்ந்திருக்கிறது என்று ஆயா சொல்வார். சரியாகத்தான் சொல்வார். அதே பருப்பில் 10 கிராம் எடுத்து இடித்து, ஆய்வுக்கூட அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, மறுபடி எடை பார்த்தால் எத்தனை சதவீதம் ஈரம் என்று கணக்கு வரும். 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சேமிக்கலாம். ஏன் 8? அங்கேதான் விஞ்ஞானம் நுழைகிறது. ஈரமான மல்லாட்டையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும், அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் தவித்தார்கள். தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று அப்புறம் கண்டுபிடித்தார்கள். அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும்; வீட்டில் வறுப்பதால் முழுக்க அழிந்துவிடாது. பதப்படுத்தப் போகும் கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு உணவு நெறி. அந்த அளவைப் பள்ளியில் சோதிக்க முடியாது. சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டையானது, முளைவிட்டது இவற்றைப் பொறுக்கித் தள்ள முடியும். 200 கிராம் பருப்பை ஒரு மாணவி பொறுக்கி வைத்தபின் இன்னொருவர் மறுபடி பார்க்கட்டும். ஒரு கெட்ட பருப்பு தப்பியிருந்தாலும் மறுபடி பொறுக்க வேண்டும். கடுமை என்று நான் சொல்வது இதைத்தான். அதட்டுவதும் மதிப்பெண்ணைக் குறைப்பதும் எனக்குக் கடுமையாகத் தெரியவில்லை.

அடுத்தது பாகு. இங்கேதான் கைப்பக்குவம் ராஜாங்கம் செய்யும். வெல்லப் பாகு காய்ந்து வரும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்போம். முதலில் கரையும், பிறகு கம்பி, பிறகு உருட்டினால் உருண்டை, கடைசியில் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம். கடலை மிட்டாய்க்கு அந்தச் சத்தம் வேண்டும். அந்த நேரத்தில் பாகுக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், 145-லிருந்து 150 டிகிரிக்குள் நிற்கும். தண்ணீர் ஆவியாகி வெளியேற வெளியேறக் கொதிநிலை ஏறுகிறது. 150-ஐ நெருங்கும்போது பாகில் நீர் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும். வேதியியல் வகுப்பில் கொதிநிலை ஏற்றம் என்று படித்தது இதே சங்கதி என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சத்தமும் வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. இரண்டையும் பிள்ளை குறிக்க வேண்டும்: எந்த டிகிரியில் சொட்டு எப்படி இருந்தது, கையில் என்ன தெரிந்தது, காதில் என்ன கேட்டது. நாலு தடவை செய்தால் தெர்மாமீட்டர் இல்லாமலே பதம் பிடிபடும். பாகு வைக்காத வீட்டிலிருந்து வந்த பையனுக்கும் பிடிபடும். ஆயாவிடம் முப்பது வருஷம் கூட நின்று பார்த்தால் கிடைப்பது, எழுதி வைத்த அளவுகோலால் ஒரு பருவத்தில் கிடைக்கிறது. ஆயாவைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அவரையே வகுப்புக்கு அழைத்து வந்து, அவர் 'பதம் வந்திருச்சு' என்று சொல்லும் நிமிடத்தில் வெப்பத்தை அளந்து பார்க்கச் சொல்வேன். அந்த எண்ணை அவர் பெயரோடு பலகையில் எழுதலாம்.

மூன்றாவது கணக்கு. 60 கிராம் கடலை, 40 கிராம் வெல்லம் என்று கலவை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காக கோபாலனும் மற்றவர்களும் தொகுத்த பழைய அட்டவணைப்படி 100 கிராம் கடலையில் 25.3 கிராம் புரதம், 567 கிலோ கலோரி, வெல்லத்தில் 0.4 கிராம் புரதம், 383 கிலோ கலோரி. ஆக 100 கிராம் மிட்டாயில் சுமார் 15 கிராம் புரதமும் 493 கிலோ கலோரியும். 2017-இல் அதே நிறுவனம் வெளியிட்ட புதிய அட்டவணையில் கடலையின் புரதம் 24-க்குச் சற்றுக் குறைவு. எதை எடுப்பது, ஏன் இரண்டும் வேறுபடுகின்றன என்று வகுப்பில் அரைமணி வாதம் நடக்கட்டும். பாட்டிலின் பின்பக்கத்தில் அச்சடித்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாத ஒரு தலைமுறை அந்த அரைமணியில் உருவாகும்.

பிறகு லேபிள். பெயர், சேர்மானங்கள் எடை இறங்குவரிசையில், நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை சாப்பிடலாம், தொகுதி எண், பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், ஒவ்வாமை எச்சரிக்கை. நிலக்கடலை ஒவ்வாமை தரும் பொருள் என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். கடைவீதியில் விற்கும் மிட்டாய்ப் பொட்டலங்கள் சிலவற்றை வாங்கிக் கொடுத்து, எதில் எது விட்டுப் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குத் துப்பறியும் உற்சாகம் வந்துவிடும்.

அடக்கவிலை கடைசி. 100 கிலோ காயை உடைத்தால் 70 கிலோ பருப்பு வரும் என்று கொள்ளலாம். தொலிக்கும் கூலி, பொறுக்கியதில் கழிந்தது, கேஸ், பொட்டலம், வீட்டுப் பெண்ணின் உழைப்பு நேரம் எல்லாம் சேர வேண்டும். கடைசியில் சொன்னதைப் பிள்ளைகள் தவறாமல் விட்டுவிடுவார்கள். அம்மா செய்ததற்கு என்ன கூலி என்பார்கள். அந்த இடத்தில் நான் பாடத்தை நிறுத்துவேன், அடுத்த நாள் தொடர்வேன்.

ஒரு மிட்டாயில் இவ்வளவு இருக்கிறது. இதை மூன்று வாரம் நடத்தலாம். பாடநூலில் இருக்கும் இருபது செய்முறையையும் ஓட்டமாக ஓடி முடிப்பதைவிட எட்டை இப்படி முடிப்பது மேல் என்பது என் கருத்து. ஆய்வு அதிகாரி ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

ஆடை வடிவமைப்பிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. சட்டைத் தோள் ஒரு பக்கம் தொங்கும், காஜா பிரிந்து வரும் என்று எல்லா ஊரிலும் குறை கேட்கிறோம். திருப்பூர் கம்பெனியில் ஆர்டர் எடுப்பதற்கு முன் ஒரு மாதிரி உடுப்பை ஒத்துக்கொண்டு சீல் வைத்துவிடுவார்கள்; நெஞ்சுச் சுற்றளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று தாளில் இருக்கும். வகுப்பறையில் ஒரு பலகை வையுங்கள். அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழுந்த ஓரமடிப்பு ஒன்று, விளிம்பில் தேறியது ஒன்று, கழித்தது ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஏன் கழித்தோம் என்று கீழே எழுதுங்கள். 'நல்லா தைக்கணும்' என்று நூறு தடவை சொல்வதைவிடக் கழித்த அந்தத் துணித்துண்டு அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

மனையியல் பெண்பிள்ளைகளுக்கு என்ற பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளியில் மனையியல் நெடுங்காலம் பெண்களுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. 1994-இலிருந்து ஆண்களுக்கும் கட்டாயம். பின்லாந்தில் ஏழாம் வகுப்பில் எல்லாரும் படிக்கிறார்கள். நம்மூரில் மின்கட்டண ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்குமேல் அடுக்கடுக்காக விலை. மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கின் விலையே மாறிவிடும். 490 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் ரசீதில் வரும் வித்தியாசத்தைக் கணக்கிடுவது ஆணுக்கு வேண்டாத அறிவா?

இனி வேலைவாய்ப்பு வழிகாட்டுதல். நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியபின் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டும் பேச்சு அதிகமாகியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் கையேட்டை விநியோகித்து, படங்காட்டி, கைதட்டி அனுப்புவது பாடமாகாது. இந்த ஊரில் கண்ணெதிரே ஒன்று நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் மராத்தியர் படைக்கோட்டைகள் என்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

வழிகாட்டி வேலையை ஒரு செய்முறைப் பாடமாக எழுதிப் பார்க்கலாம். பத்து நிமிடம் கோட்டைக்குள் கல்யாண மஹால் முன் நின்று பேச வேண்டும். 1677-இல் சிவாஜி கைப்பற்றியது, அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது முகலாயர் பல ஆண்டு முற்றுகையிட்டு 1698-இல் பிடித்தது, 1714-இல் தேசிங்கு இறந்தது, பிறகு பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். ஆண்டுகள் சரியாக இருக்க வேண்டும். தேசிங்கு ராஜன் கதைப்பாடல் சொல்வது எது, ஆவணம் சொல்வது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். கதையைக் கதை என்று சொல்லி ரசிக்க வைக்கலாம். சரித்திரம் என்று விற்றால் தேர்ச்சி கிடையாது. கேள்வி கேட்டு விடை தெரியாதபோது, 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்வதற்கும் மதிப்பெண் வைக்க வேண்டும். நம் தேர்வு முறையில் அதற்கு இதுவரை மதிப்பெண் கிடைத்ததே இல்லை.

செவிலியப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் கோட்டையின் ராஜகிரி மலையே ஆய்வுக்கூடம். சித்திரை வெயிலில் ஏறி மயங்கி உட்காருகிறவருக்கு முதலில் என்ன செய்வது? நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, நினைவு இருக்கிறதா என்று பார்த்து, விழுங்க முடிந்தால் மட்டும் உப்புச் சர்க்கரைக் கரைசல். அளவு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் தாராளமாகப் போடுவோம் என்று கை உப்பை அள்ளிப் போட்டால் கேடாகிவிடும். ரசத்துக்கு உப்பு தூக்கலாகிவிட்டால் கொஞ்சம் சுடுதண்ணீர் சேர்க்கலாம்; இங்கே அந்தச் சலுகை கிடையாது. தரம் என்பதன் முழு நியாயத்தையும் அந்த அரை டீஸ்பூனிலேயே பிள்ளைக்குக் காட்டிவிடலாம்.

தேர்வைப் பற்றிப் பேசாமல் இறங்க மனமில்லை. செய்முறைத் தேர்வில் யாரும் தோற்பதில்லை என்பது ஊரறிந்த ரகசியம். ரெக்கார்டு நோட்டைப் போன வருஷ அக்காவின் நோட்டிலிருந்து இறக்கி எழுதுவார்கள். படம் சுத்தமாக இருந்தால் கையெழுத்து விழும். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாருக்கும் ஒரே விடை வருகிற செய்முறையை வைத்தால் காப்பி அடிக்கத்தான் செய்வார்கள். அவரவர் பருப்பின் ஈரம், அவரவர் பாகின் வெப்பம், அவரவர் வீட்டு மின் ரசீது என்று இருந்தால் நோட்டை இறக்கி எழுத வழியில்லை. இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக அளந்து, எண்கள் ஒத்துப் போகிறதா என்று பார்க்கட்டும். ஒத்துப் போகவில்லையென்றால் நாம் எழுதிய தரத்தில் ஓட்டை இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். தவறிய பிள்ளை அடுத்த வாரம் மறுபடி செய்யலாம். எத்தனை தடவையானாலும் அளவு மாறாது.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பணம் ஏது என்று தேநீர் இடைவேளையில் கேட்கப் போகிறீர்கள். நேரத்துக்குப் பதில் முன்பே சொல்லிவிட்டேன், செய்முறைகளைக் குறையுங்கள். பணத்துக்கு, கிராமின் சிறு பின்னங்களையும் காட்டும் தராசு ஒன்று, 200 டிகிரி வரை போகும் தெர்மாமீட்டர் ஒன்று, தைத்துக் கழித்த துணிகளை ஒட்டப் பலகை ஒன்று. உலர்த்தும் அடுப்பு வேதியியல் ஆய்வகத்தில் இருந்தால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விற்பனைக்கூடத்தில் ஈரமானி வைத்திருக்கிறார்கள், முறைப்படி எழுதிக் கேட்டால் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். மல்லாட்டை வரத்து நேரம் பார்த்து அந்தக் கடிதத்தை இப்போதே எழுதிவிடுங்கள். சீசன் முடிந்தபின் போனால் காலி கிடங்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.